குற்றப் பத்திரிகை

சென்ற ஆடித் திங்களில் ஒரு நாள் மாலை, வகுப்பு முடிந்து விடுதிக்குத் திரும்பிய யாம் அறை வாயிலிலேயே திகைத்து நின்றோம். ஓராண்டு உழைத்து எழுதிய நன்னூற் குறிப்புகள் கிழிபட்டுத் தரையெங்கும் கிடந்தன. வீட்டிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலம் வெறுந்தாளாய்ச் சாளரத்தில் ஆடிற்று. எதிரிலிருந்த புளியமரத்திற் குரங்கொன்று கன்னப்பை புடைக்க அமர்ந்து எம்மையே நோக்கியது.

அன்றிரவே, குரங்குகளைப் பிடித்து மலைக்காட்டில் விடுமாறு ஒரு விண்ணப்பம் வரைந்தோம். நாற்பத்தொரு மாணவர் கையொப்பமிட்டனர். விடுதிக் காப்பாளர் அதனைப் படித்துவிட்டு, "குற்றம் சாட்டினாற் போதுமா, தம்பி? நாளும் பொழுதும் குறித்துச் சான்று கொண்டு வா" என்றார். எனவே குறிப்பேடு ஒன்று வாங்கி, முதற்பக்கத்திற் "குற்றப் பத்திரிகை" என்று எழுதினோம்.

இவை நம் நாட்டுக் குரங்குகள். தொப்பி கவித்தாற்போல் உச்சியிலிருந்து மயிர் படர்ந்திருக்கும். இந்தியாவின் தென்பகுதிக்கே உரியவை. ஆணைக் கடுவன் என்றும் பெண்ணை மந்தி என்றும் வழங்கும் மரபைத் தொல்காப்பிய மரபியலிற் கற்றுத் தேர்வும் எழுதியிருந்தோம். ஆயினும் கடுவன் எது, மந்தி எது என்று ஒரு நாளும் நின்று நோக்கினோமல்லேம்.

நோக்கத் தொடங்கியபின் வியப்பே மிகுந்தது. கூட்டத்தில் இருபத்துமூன்று உயிர்கள் இருந்தன. இரவில் ஆலயத்தின் பின்னுள்ள ஆலமரத்தில் துயிலும். விடிந்ததும் நூலகக் கூரை, புளியந்தோப்பு, சமையற்கூடம் என்று பெரும்பாலும் ஒரே வழியிற் செல்லும். ஓடைப் பாலத்தை அடைந்ததும் திரும்பிவிடும். பாலத்திற்கு அப்பால் வேறொரு கூட்டம் வாழ்ந்தது. கரையிலுள்ள அத்திமரம் இரண்டிற்கும் பொது. ஒரு கூட்டம் வரின் மற்றது பெரும்பாலும் விலகிச் செல்லும்; சிற்சில வேளைகளில் மட்டும் பல்லைக் காட்டிப் பூசலிடும். வேலியும் கல்லும் இல்லாத அவ்வெல்லையை இரு கூட்டமும் அறிந்திருந்தன.

கூட்டத்தினுள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தது. காதறுந்த முதுமந்தி ஒன்றைச் சூழ்ந்தே சில இளமந்திகள் அமர்ந்து பேன் பார்க்கும். மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுதும் தங்கும் என்றும், தாயின் தரத்தை ஒட்டியே மகளின் தரம் அமையும் என்றும், வேறு கூட்டம் தேடிச் செல்வன பெரும்பாலும் கடுவன்களே என்றும் நூலகத்திற் படித்தறிந்தோம். மைசூர்ப் பகுதியில் இக்குரங்குகளை ஆராய்ந்த பால் சைமண்ட்ஸ் என்பார், கடுவன்கள் தம்முள் இணங்கி வாழ்தலைத் தம் 1965-ஆம் ஆண்டுக் கட்டுரையிற் குறித்துள்ளார். குளிர்ந்த காலைகளில் எம் கடுவன்களும் ஒன்றையொன்று தழுவியே அமர்ந்திருந்தன.

ஐப்பசி மழையில் இளமந்தி ஒன்று மின்கம்பியிற் பட்டு இறந்தது. பால்மறக்கும் பருவத்துக் குட்டி சுவரோரம் தனித்துக் கதறிற்று. அன்று கூட்டம் சமையற்கூடத்தின் பக்கமே வரவில்லை. மாலையில் அக்காதறுந்த மந்தி இறங்கி வந்து, குட்டியைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆலமரம் ஏறிற்று. கடுவனை இழந்த மந்தி, தன் குட்டியைச் சுற்றத்தாரிடம் சேர்த்துவிட்டு மலையினின்று பாய்ந்து உயிர்விடுவதாகக் கடுந்தோட் கரவீரனார் குறுந்தொகை 69-ஆம் பாட்டிற் பாடியுள்ளார். மந்தி உயிர்விடுதல் புலவர் கற்பனையாகலாம். ஆனால் குரங்கிற்கும் சுற்றம் உண்டு என்பது கற்பனையன்று. அதனை அன்று கண்ணாற் கண்டோம்.

அன்றிரவு குறிப்பேட்டைப் புரட்டினோம். எழுதிய குற்றங்களிற் பெரும்பாலானவற்றிற்குத் திறந்த சாளரமோ, மூடாத எச்சிற்றொட்டியோ, பழம் நீட்டி அழைத்த மாணவர் கையோ காரணமாயிருந்தது. கூண்டு வைத்துப் பிடிப்பின் முழுக்கூட்டமும் அகப்படுதல் அரிது. தாய் மலையிலும் மகள் இங்குமாகப் பிரியும். கொண்டு விடும் காடும் வேறொரு கூட்டத்தின் நிலமாயிருக்கும். இங்கே எச்சிற்சோறு உள்ளவரையில் ஒழிந்த இடத்திற்கு வேறு குரங்குகள் வாராமலும் இரா.

மறுநாள் விண்ணப்பத்தைத் திரும்பத் தருமாறு காப்பாளரை வேண்டினோம். "மற்ற நாற்பது பேருக்கு யார் மறுமொழி சொல்வது?" என்றார். யாமே என்றோம். கையொப்பம் வாங்கியதினும், அதனைத் திருப்பிக் கொடுக்க அறை அறையாய்ச் சென்றது கடினமாயிருந்தது. சிலர் நகைத்தனர். மூக்குக்கண்ணாடியைப் பறிகொடுத்த நண்பர் இன்னும் எம்மோடு பேசுவதில்லை; அவர் சினமும் நேரியதே. தொட்டிக்கு மூடியும் சில சாளரங்களுக்குக் கம்பிவலையும் வந்துள்ளன. பழம் நீட்டும் கைகள் குறைந்துள்ளன, முற்றும் ஒழிந்தபாடில்லை.

சென்ற ஞாயிறன்று யாம் சாளரத்தை அடைக்க மறந்து வெளியே சென்றோம். ஒரு சீப்பு வாழைப்பழம் போயிற்று. அதனையும் நாளும் பொழுதும் குறித்துக் குறிப்பேட்டில் எழுதினோம். குற்றவாளி என்ற பத்தியில் எம் பெயரையே எழுதினோம்.