மூட்டைக்குக் காவல் யார்?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பேரருவியில் குளிப்பவர்களை எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் போகும்போது ஒரு நிமிடம் அருவிக்கு முதுகைக் காட்டி நின்று எதிர்ப்பக்கம் பாருங்கள். குடும்பத்துக்கு ஓர் ஆள் வீதம் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். மடியில் நாலைந்து செல்போன், கைப்பையில் எல்லோருடைய மூக்குக்கண்ணாடியும், காலடியில் செருப்புக் குவியல், தோளில் துண்டு. பெரும்பாலும் அம்மா. அம்மா இல்லையென்றால் மாமியார். அவரும் வரவில்லையென்றால் கைக்குழந்தைக்காரியான மருமகள். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டில், “குத்தாலம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார்கள். “நல்ல தண்ணி” என்று அவளும் சொல்லிவைப்பாள்.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த வரிசையில் பல வருஷம் உட்கார்ந்தவள் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். சனிக்கிழமை வந்தால் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுகிறீர்கள். நல்லதுதான், போங்கள். எந்த ஊர், எந்த ஓட்டல், எந்த வழி என்று வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் பேசுகிறீர்கள். கரையில் யார் இருப்பது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. அதைப் பேசி முடிக்காமல் வண்டியில் ஏறாதீர்கள்.

அம்பாசமுத்திரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஆனி, ஆடியில் வேன் பிடித்துக் கடையம் வழியாகக் குற்றாலம் போவது வழக்கம். விடிவதற்கு முன்னால் புளியோதரை கிளறி, தயிர்சாதம் பிசைந்து, துவையல் அரைத்து, தூக்குச்சட்டிகளை மூடிக் கட்டிவிட்டுத்தான் பெண்கள் குளிக்கப் போவோம். ஆண்கள் எழுந்ததும், “இன்னுமா கிளம்பலை?” என்பார்கள். இப்போது வழியெல்லாம் ஓட்டல் வந்துவிட்டது, புளியோதரை வேலை போயிற்று. ஆனால் பிள்ளையின் டயப்பர், மாமனாரின் சுகர் மாத்திரை, சார்ஜர், மாற்றுத் துணி என்று எடுத்துவைப்பவர் யார் என்று உங்கள் வீட்டில் பாருங்கள். ஆள் மாறியிருக்காது.

என் சின்ன மாமனார் ஒருவர் இருந்தார். சிடுசிடுப்பான மனிதர், அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அருவிக்கரையில் வேன் நின்றதும் அவர் சொல்வது ஒன்றுதான்: “பொம்பளையாளுக முதல்ல போய்க் குளிச்சிட்டு வாங்கம்மா. சாமானை நான் பாத்துக்கிடுதேன்.” அதிகாலையில் எழுந்தவர்கள் முதலில் குளிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அரை மணி நேரம் கழித்து இன்னொருவர் வந்து அவரை மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் யாராவது தண்ணீரிலேயே கிடந்தால் ஊரே கேட்கும்படி திட்டுவார். வேறு எந்தப் பாராட்டையும்விட அந்தத் திட்டு எங்களுக்கு இனித்தது.

அவர் சாமானைப் பார்த்தது குறைவு, தண்ணீரைப் பார்த்ததுதான் அதிகம். குற்றாலத்தில் வெள்ளம் வருவதற்குக் குற்றாலத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை. சிற்றாறு இறங்கி வரும் மலைக்கு மேலே மேகம் கொட்டினால் போதும். கீழே இளவெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் பெருகி வந்துவிடும். வெள்ளை வெளேரென்று விழுந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் சேர்ந்து வரும். சற்றுமுன் காய்ந்திருந்த படி நனையும். இரைச்சல் கனக்கும். அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நிற்பவருக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. கரையில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். பேரருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை என்று சீசன் தோறும் செய்தியில் படிக்கிறோம். மற்ற பல இடங்களில் அப்படி ஓர் அடையாளம் இல்லை. கண்தான் அளவுகோல்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததைப் பலர் செல்போனில் பார்த்திருப்பீர்கள். சீசனே இல்லை, கோடை. மலையில் பெய்த மழை திடீரென்று இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் விழுந்தடித்து ஏறினார்கள். 17 வயதுப் பிள்ளை ஒன்றை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்குச் சின்ன மாமனாரின் ஞாபகம்தான் வந்தது. கரையில் இருப்பது தண்டனை என்று நினைப்பதால்தான் அதை வீட்டில் எதிர்த்துப் பேசாத ஆளின் தலையில் கட்டுகிறோம். குடும்பத்தில் பார்வை கூர்மையான ஆளும், சத்தமாகக் கூப்பிடக்கூடிய ஆளும் மாறி மாறிச் செய்ய வேண்டிய வேலை அது. நாலு செல்போனை மடியில் வைத்திருப்பவர் அதில் ஒன்றையும் நோண்டக் கூடாது. இளைஞர்கள் செய்தால் இன்னும் நல்லது. வேகமாக ஓட முடியும்.

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்கள் இன்னும் தூரத்தில் இருந்தே பார்க்கப் பழக வேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் வானம் நீலமாக இருக்கும், வெயில் பிளக்கும். போய் நின்றால் பரிசல் இயக்கத் தடை என்பார்கள். மழை பெய்தது குடகிலும் வயநாட்டிலும். குடகில் பெய்தது கிருஷ்ணராஜ சாகரில் நிரம்புகிறது, வயநாட்டில் பெய்தது கபினியில் நிரம்புகிறது. அங்கே திறந்துவிட்ட தண்ணீர் தமிழக எல்லைக்குள் நுழையும்போது பிலிகுண்டுலுவில் அளக்கிறார்கள். ஒகேனக்கல் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தியில் வருகிறதே, அது விவசாயிக்கு மட்டும் சொல்கிற சேதியென்று தாண்டிப் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அதைப் பார்த்துவிட்டால் சனிக்கிழமை பிள்ளைகள் ஏமாந்து அழ வேண்டாம். பார்க்காமலே போய்விட்டீர்கள், தடை போட்டிருக்கிறார்கள் என்றால், வேறு துறையில் கூட்டிப்போகிறேன் என்று காதோரம் சொல்லும் ஆளிடம் பேரம் பேசாதீர்கள். பொரித்த மீனைத் தின்றுவிட்டு, ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்புங்கள். தடை இல்லாத நாளில்கூட லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டாமல் படத்துக்காகத் தோளில் தொங்கவிடுவது எனக்குப் பொறுக்காது. மூங்கில் சட்டத்தில் கட்டிய பரிசல் சுழன்று சுழன்று போவது. அது தெரிந்துதான் ஏறுகிறோம்.

லாரி டியூப் கட்டிக்கொண்டு தாமிரபரணியில் மிதந்த தலைமுறை எங்களுடையது. காற்றடிக்கும் வால்வு முதுகில் கீறும், அதில் துணி சுற்றிக்கொள்வோம். நீச்சல் தெரியாத பிள்ளைக்குச் சுரைக்குடுக்கை. அந்த டியூப் விளையாட்டையே ஊருக்குத் தொழிலாக்கி நடத்துவதை டெக்சாஸில் பார்த்தேன். என் மகள் ஆஸ்டினில் இருக்கிறாள். ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்று ஓர் ஊர். அங்கே கோமல் என்ற ஆறு ஊருக்குள்ளேயே ஊற்றாகப் பிறந்து, சுமார் நாலு கிலோமீட்டர் ஓடி, அதே ஊரில் குவாடலூப்பில் கலந்துவிடுகிறது. ஊற்றுத் தண்ணீர் என்பதால் கோடையிலும் குளிர்காலத்திலும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சி. டியூபில் உட்கார்ந்தால் ஆறே கூட்டிப்போகிறது. கரையேறும் இடத்திலிருந்து பஸ்ஸில் திரும்ப ஏற்றி வருகிறார்கள். மூட்டையைக் காரிலேயே பூட்டிவிட்டு எல்லோரும் தண்ணீரில் இறங்கலாம். சுடிதாரோடு நானும் இறங்கினேன். தூக்கியெறிகிற பாட்டில், கேன் எதையும் ஆற்றுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே சட்டம். நம் ஊரில் அருவியில் சோப்பும் ஷாம்புவும் கூடாது என்று நீதிமன்றமே சொன்ன பிறகும் பாக்கெட் கிழிந்து கிடக்கிறது.

டியூபில் ஏறுவதற்கு முன்னால் எங்கே கரையேற வேண்டும் என்பதைப் பார்த்துவிட வேண்டும். நீர் இழுத்துப் போகும். நிறுத்து என்றால் நிற்காது. குழந்தைகளின் டியூபைக் கயிற்றால் பெரியவரின் டியூபோடு பிணைத்தாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். டியூப் கவிழ்ந்தால் ஒரு பக்கம் அது போகும், ஒரு பக்கம் பிள்ளை போகும். அந்தக் குவாடலூப் ஆற்றில்தான் 2025 ஜூலை 4 விடியற்காலையில், கோமல் கலக்கும் இடத்துக்கு வெகு மேலே, 45 நிமிடத்தில் 26 அடி தண்ணீர் உயர்ந்தது. அந்த வெள்ளத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல். முகாமுக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த சிறுமிகளும் அதில் உண்டு. பணக்கார நாடு, எச்சரிக்கை அனுப்ப எத்தனையோ வசதி. ஆனாலும் ஆற்றங்கரையில் ராத்திரி தங்கினால் விழித்திருக்க ஓர் ஆள் வேண்டும் என்ற எங்கள் கிழவர்களின் பேச்சு பழசாகவில்லை.

கப்பல் பயணம் இதற்கெல்லாம் நேரெதிர். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் விடத் தொடங்கியதும் மகன் எங்களையும் கூட்டிப்போனான். பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டார்கள். அது அறை வாசலுக்கு வந்து நின்றது. சமைப்பவர் வேறு, படுக்கை விரிப்பவர் வேறு. பெண்களுக்கு முதல் நாள் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. எங்கள் அறையில் குடித்த டம்ளரை நானே கழுவி வைத்தேன், அறைப் பையன் சிரித்தான். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் கடலில் கிடக்கும் பிள்ளைகள் அவர்கள். இறங்கும்போது டிப்ஸ் கொடுக்கக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கப்பல் கிளம்புவதற்கு முன்னால் ஒத்திகை ஒன்று நடத்துவார்கள்: மணி அடித்தால் எங்கே கூட வேண்டும், லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போட வேண்டும் என்று. இளவட்டங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். 2012 ஜனவரி 13 ராத்திரி இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற பெரிய கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று சாயங்காலம் ஏறிய பயணிகளுக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகையை நடத்திவிட வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்ததுதான். காவலை முழுக்க அடுத்தவர் ஏற்றுக்கொண்ட இடத்திலும் அந்த அரை மணி நேரம் மட்டும் நீங்கள் காவலில் இருக்கிறீர்கள். பிள்ளையின் கையைப் பிடித்து, எந்தப் படியில் ஏறி எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு தடவை நடந்தே காட்டிவிடுங்கள்.

கடைசியாக, திரும்பி வருவது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வீடு வந்து சேரும் பயணம் பயணமே இல்லை. மறுநாள் காலை ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எல்லோரும் ஓடிவிடுவார்கள். ஈரத்துணி மூட்டை நாற்றமடித்துக்கொண்டு ஒருத்தியைப் பார்த்துக் கிடக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு சேருகிற மாதிரி புறப்படுங்கள். அவரவர் துணியை அவரவர் அலசிக் காயப்போடட்டும். போன சாரலில் எங்கள் வீட்டில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தேன். மூத்த பேரன் ரொம்ப உற்சாகமாகி, எல்லோருடைய துணியையும் தானே துவைக்கிறேன் என்று சிவப்புத் துண்டு ஒன்றையும் சேர்த்து ஊறவைத்துவிட்டான். தாத்தாவின் வேட்டிகள் எல்லாம் ரோஜா நிறம். அவர் ஒன்றும் சொல்லாமல் அதில் ஒன்றைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்தார். எந்தக் கட்சி வேட்டி என்று டீக்கடையில் கேட்டார்களாம்.