மருங்காபுரியில் ஓர் ஆப்பு!

விராலிமலைக்குப் போனால் மயில் பார்க்கலாம் என்பார்கள். நான் பார்த்தது எமனை!

திருச்சி - மதுரை நாற்கரச் சாலை. முன்பு 45பி என்று நம்பர் போட்டிருந்தார்கள், இப்போது 38. மாமாவின் பழைய மகிந்திரா ஜீப்பை ஸ்ரீரங்கத்திலிருந்து மருங்காபுரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறேன். பக்கத்தில் மாமா, பின் சீட்டில் அத்தை. அம்மியை நகர்த்தும் ஆடிக் காற்று. வேகம் அறுபதுதான். பின்னாலிருந்து வந்த பஸ் ஒன்று 'விர்'ரென்று எங்களைக் கடந்தது.

அவ்வளவுதான். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தேமே என்று உட்கார்ந்திருக்க, ஜீப் தன் இஷ்டத்துக்கு இடதுபக்கம் கிளம்பியது. பதறிப்போய் வலதுபக்கம் திருப்பினேன். திருப்பியது போதும் என்று அதற்குத் தோன்றவில்லை, வலதுபக்கமே போய்க்கொண்டிருந்தது. மறுபடி இடது. சாலையோரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பெரியவருக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அவர் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வண்டியை ஓரம் கட்டினேன். அத்தை மெதுவாக இறங்கினார். "நீங்க ரெண்டு பேரும் வாங்க. நான் பஸ்ல போயிக்கிறேன்."

மாமா என்னைப் பார்த்தார். நான் விராலிமலையைப் பார்த்தேன். காரணம், இந்த ஜீப்பை இந்தக் கதிக்கு ஆளாக்கியவன் அடியேன்தான்!

கதை இதுதான். மாமாவின் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதையில், வேப்பமரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கும். போகும்போதும் வரும்போதும் ஜீப்பின் அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். "மாப்ளே, நீதான் டவுன்ல இருக்கியே, வண்டியைக் கொஞ்சம் தூக்கி வைக்க ஆள் பாரு" என்றார் மாமா. நானும் திருச்சியில் ஒரு பட்டறையைப் பிடித்தேன். (பெயர் வேண்டாம்; பிழைத்துப் போகட்டும்.) கட்டுப்பட்டையில் கூடுதலாக ஓர் இலை, பட்டையை சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீளமாக. ஆக மொத்தம் வண்டி இரண்டரை அங்குலம் உயர்ந்தது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. நானே எதிரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து மாமாவின் போன். "நேரா ஓட்டுனா கோணலா போவுது மாப்ளே." மறுபடி பட்டறை. ஸ்டீயரிங் பாக்ஸில் இருக்கிற ஸ்குருவை இறுக்கினார்கள். ஆட்டத்தை அமுக்க ஒரு டாம்பர் வேறு மாட்டி, அதற்குத் தனி பில். ஸ்டீயரிங் கனமானது, வண்டி திருந்தவில்லை. அப்படி 'சரிசெய்து' எடுத்துக்கொண்டு போன அன்றைக்குத்தான் மேற்படி எமதரிசனம்.

மிச்ச தூரத்தை முப்பதில் உருட்டினேன். இந்தப் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது கண்ணில் நிறைகிற தண்ணீரையும் பச்சையையும் அங்கேயே ஞாபகத்தில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே அது கிடையாது. மானம் பார்த்த பூமி. செம்மண், பாறைக் கரடு, வேலிக்காத்தான், நடுநடுவே கடலைக் காடு. மருங்காபுரி ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன். 1948-ல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது. திருக்குறளுக்கு உரை எழுதிய பெண்களில் ஒருவரான லட்சுமி அம்மணி இந்த ஊர் ஜமீன்தாரிணிதான். இன்றைக்குத் தாலுகாவுக்கே மருங்காபுரி என்றுதான் பெயர். ஆனால், கடை கண்ணி, பஸ், பஞ்சர் என்றால் ஜனங்கள் போவது பக்கத்திலிருக்கும் துவரங்குறிச்சிக்கு.

நாங்களும் போனோம். லாரிகளுக்குப் பட்டை கட்டுகிற ஒரு பெரியவர் அங்கே இருக்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். புளியமரம், தகரக் கொட்டகை, அடியில் கறுத்த மண். ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தவர், கேட்ட முதல் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"பின்னாடி மூட்டை ஏத்துனா ஒழுங்கா போவுதா?"

மாமா அசந்துவிட்டார். போன வாரம் கடலை மூட்டைகளோடு போனபோது மட்டும் வண்டி சொன்னபடி கேட்டிருக்கிறது. "பாரம்தான் இதுக்குப் பிடிக்குதுபோலன்னு நெனச்சேன்."

"பாரம் இல்லீங்க. பின்னாடி இறங்குனா மூக்கு நிமிருது. அதான் கேட்டேன்."

உடனே வைத்தியத்தில் இறங்கிவிடவில்லை அவர். முதலில் நாலு டயரிலும் காற்று பார்த்தார். முன்பக்கம் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி கிங் பின் பேரிங்கைச் சோதித்தார். என்னை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்கச் சொல்லி, கீழே படுத்து டை ராடு எண்டுகளில் விரல் வைத்துப் பார்த்தார். பட்டைக் கண்ணில் இருக்கும் புஷ், அச்சைப் பட்டையோடு பிடித்திருக்கும் யூ போல்ட், முன் சக்கரங்களின் டோ-இன் என்று வரிசையாக. யூ போல்ட் நட்டுகள் மட்டும் தளர்ந்திருந்தன. "புதுசா எலை சேர்த்தா படிஞ்சு உக்காரும். நாலஞ்சு நாள் ஓட்டிட்டு மறுபடி இறுக்கணும். யாரும் சொல்லலையா?" சொல்லவில்லை. ஸ்டீயரிங் பாக்ஸ் ஸ்குருவை அவரே பழைய அளவுக்குத் தளர்த்தினார். "இதை இறுக்குனா நோவு போவாது தம்பி. வண்டி வாயைத்தான் கட்டலாம்."

பிறகு, கிங் பின் மூடியின் தட்டையான இடத்தில் செல்போனை வைத்தார். கோணம் காட்டும் ஆப்! தகரக் கொட்டகை என்று நான் போட்டிருந்த மதிப்பை அங்கேயே திருத்திக்கொண்டேன். மூன்று டிகிரி பின்னால் சாய்ந்திருக்க வேண்டிய இடத்தில், அரை டிகிரிகூட இல்லை.

இதற்குப் பெயர் காஸ்டர். பெயர் பெரிசு, விஷயம் சைக்கிளில் இருக்கிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் நட்டக்குத்தலாக இல்லாமல் கொஞ்சம் பின்சாய்ந்து இருக்கிறதல்லவா? அந்தச் சாய்வுக் கோட்டைத் தரை வரைக்கும் நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழும். அதாவது, முன்னால் ஒரு புள்ளி இழுக்க, டயர் பின்னால் கன்றுக்குட்டி மாதிரி வருகிறது. அதனால்தான் கையை லேசாக விட்டாலும் சக்கரம் தானே நேராகிக்கொள்கிறது. பழைய வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளுக்கு இந்தச் சாய்வு சுமார் 3 டிகிரி. தரையில் கணக்குப் போட்டால் வெறும் 18 மில்லிமீட்டர் சொச்சம். ஒரு தீப்பெட்டியின் நீளம்கூட இல்லை. அதுதான் அத்தையை பத்திரமாக வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது!

நாங்கள் என்ன செய்தோம்? இந்த ஜீப்பில் முன்பட்டையின் பின்கண் சேஸிஸோடு நிலையாக நிற்கிறது. முன்கண் ஷேக்கிளில் தொங்குகிறது. ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலம்தான் உயரும். ஆனால், பட்டையின் முன்நுனி இரண்டு அங்குலம் கீழே இறங்கும். பட்டையோ ஒரு கஜ நீளம். அதோடு கட்டிய அச்சும் சேர்ந்து முன்பக்கம் சாயும். எவ்வளவு? சுமார் 3 டிகிரி! இருந்த காஸ்டர் மொத்தமும் அங்கேயே காலி. மூட்டை ஏற்றியபோது வண்டியின் பின்பக்கம் தணிந்து, சாய்வு கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. பெரியவரின் முதல் கேள்வி இப்போது புரிந்தது.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷம் முதல் வகுப்பிலேயே, ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியே ஆகவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டரை அங்குல உயரத்தை ஒரு பக்கம் எழுதிவிட்டு, மறுபக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அந்தக் கணக்கை விராலிமலையில் ஒரு சைக்கிள்காரர் கட்டியிருப்பார்.

"இதுக்கு என்ன பண்ணணும் அண்ணே?"

"ஆப்பு வெக்கணும்."

மாமா என்னையே பார்த்துக்கொண்டு, "எனக்கு ஏற்கெனவே வெச்சாச்சு" என்றார்.

சிரிக்காதீர்கள். நிஜ ஆப்புதான். ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெல்லிசாகவும் இருக்கும் இரும்புத் தகடு. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்து, யூ போல்ட்டைப் போட்டு இறுக்கினால், அச்சு விட்ட சாய்வு திரும்பக் கிடைக்கும். கனத்த பக்கம் எந்தப் பக்கம் என்பதில்தான் சூட்சுமம். எங்கள் ஜீப் மாதிரி பட்டை அச்சுக்குக் கீழே இருந்தால் கனத்த பக்கம் முன்னால். பட்டை அச்சுக்கு மேலே இருக்கிற வண்டிகளில் பின்னால். மாற்றி வைத்தால் உள்ளதும் போச்சு! அலுமினியத்தில் வாங்கினால் நாளடைவில் நசுங்கும், இரும்புதான் நிற்கும் என்றார். பட்டையின் நடு போல்ட் ஆப்பின் துளைக்குள் சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் அச்சே இடம் பெயரும்.

மூன்று டிகிரி ஆப்பு இரண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்தது. "மணப்பாறை வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றார் பெரியவர். மாமா ஓட்டினார். நான் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆளில்லாத நேர்ரோட்டில் மெதுவாகப் போய், கையின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார். ஜீப் கோடு போட்ட மாதிரி போனது. வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால், சக்கரம் தானாக நேருக்கு வந்தது. எதிரே வந்த லாரியின் காற்று அறைந்தது. வண்டி அசங்கியது, ஆனால் அலையவில்லை. மாமா ஒன்றும் பேசவில்லை. மணப்பாறையில் இறங்கி, இரண்டு கிலோ முறுக்கு வாங்கினார். (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்காக்கும்!) ஒரு கிலோ பெரியவருக்கு.

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். பெரியவர் விடவில்லை.

"நேரா போவும். ஆனா குழியில விழுந்தா ஸ்டீயரிங் இன்னும் உதறும், பாத்தீங்களா?" பார்த்தோம். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க், முன்பு ஏறக்குறைய படுத்திருந்தது. வண்டி உயர்ந்ததும் சரிந்து நிற்கிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் அது ஸ்டீயரிங்கைச் சேர்த்து இழுக்கிறது. அதற்குத் தணிவான கை ஒன்று வாங்கிப் போட வேண்டும். "இருக்கிற கையையே சூடு பண்ணி வளைச்சுத் தர்றேன்னு சொல்லுவாங்க. விட்டுடாதீங்க. ஸ்டீயரிங் சாமானைச் சுட்டு வளைக்கவே கூடாது. ஒரு நாள் ஒடிஞ்சு போவும்." தவிர, ஆப்பு வைத்ததில் முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே குனிந்திருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கும்படி போட்டு வேகமாகப் போனால் முன் ஷாஃப்ட் முனகும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று. வட்டிக்கு வட்டி மாதிரி!

வீட்டுக்கு வந்து வண்டியின் காகிதங்களைப் புரட்டினேன். கணக்கு படித்தவனுக்கு அதுவாவது வருமே! 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை அழுத்திச் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்களிடம் மாற்றத்தைச் சொல்லாமல் இருந்தால், விபத்து அன்றைக்கு அது தனி வழக்கு. அந்த ஒரு முழத்தை நினைத்துப் பார்த்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலையில் மாமாவோடு தோட்டத்துக்குப் போனேன். வேப்பமரம் வந்தது. 'டங்!'

இரண்டு பேரும் இறங்கிக் குனிந்து பார்த்தோம். கல்லில் இடித்தது சேஸிஸ் இல்லை. அச்சின் நடுவே தொங்குகிற டிஃபரன்ஷியல். அது சக்கரத்தோடு சேர்ந்த உறுப்பு. பட்டையையும் ஷேக்கிளையும் எவ்வளவு உயர்த்தினாலும் மேலே இருக்கிற வண்டிதான் உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த வேண்டுமானால் டயரைப் பெரிதாக்க வேண்டும். ஆக, இத்தனை செலவிலும் அந்தக் கல்லுக்கும் அந்த உருண்டைக்கும் நடுவில் ஒரு நூல்கூட இடைவெளி கூடவில்லை!

மாமா கொஞ்ச நேரம் நின்றார். கொட்டாயிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தார். நானும் ஒரு கை கொடுத்தேன். இருபது நிமிஷம். கல் வெளியே வந்துவிட்டது.

அடுத்த வாரம் துவரங்குறிச்சியில் பழைய ஷேக்கிளைப் போட்டு, கூடுதல் இலையைக் கழற்றி, ஆப்பையும் டாம்பரையும் எடுத்துவிட்டார் பெரியவர். செல்போனை வைத்தார்: 3 டிகிரி. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கியாயிற்று. அத்தை இப்போது முன் சீட்டில் உட்கார்ந்து வருகிறார்.

அந்தக் கல்? மாமா வீட்டுக் கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. துணி துவைக்க அம்சமாக இருக்கிறதாம்!