சரஜெவோவின் கோப்பிக் கடை வீதி

பொஸ்னியா நாட்டின் தலைநகரம் சரஜெவோ. சுற்றிவர மலைகள், நடுவே ஒரு சிறிய ஆறு. வேலை நிமித்தம் 2018 ஆம் ஆண்டில் எட்டு மாதங்கள் அங்கு தங்கியிருந்தேன். அந்த நகரத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று யாராவது கேட்டால், பழைய கடைத்தெருவில் தொடங்கி நகரின் நடுப்பகுதிக்குச் செல்லும் வீதியைத்தான் சொல்வேன். அதில் வாகனங்கள் ஓடுவதில்லை. கிழக்குப் பகுதிக்கு சராச்சி என்றும் மேற்குப் பகுதிக்கு பெர்ஹாதியா என்றும் பெயர்.

கிழக்கே துருக்கியர் ஆட்சிக் காலத்துச் சிறிய ஓட்டுக் கடைகள். மேற்கே ஒஸ்திரிய ஹங்கேரிய ஆட்சிக் காலத்து மாடிக் கட்டடங்கள். பள்ளிவாசல், கத்தோலிக்கப் பேராலயம், சேர்பியர்களின் பழைய தேவாலயம், யூத ஆலயம் எல்லாம் சில நிமிட நடைக்குள் இருக்கின்றன.

இந்த வீதியில் கோப்பிக் கடைகளுக்குக் குறைவில்லை. எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று மொரிச்சா ஹான். 16 ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் குதிரைகளுடன் வந்து தங்கிய சத்திரம் அது. இப்போது அதன் முற்றத்தில் மேசை போட்டுக் கோப்பி தருகிறார்கள். மற்றது, செம்புப் பாத்திரம் அடிப்பவர்களின் ஒழுங்கையில் உள்ள சிறிய கடை. சுத்தியல் சத்தத்தைக் கேட்டபடியே தாழ்ந்த முக்காலியில் இருந்து குடிக்கலாம்.

பொஸ்னியக் கோப்பியை வடிப்பதில்லை. மாப்போல அரைத்த தூளை, நீண்ட கைப்பிடியுள்ள ஜெஸ்வா என்னும் செம்புப் பாத்திரத்தில் இட்டு, கொதிநீர் ஊற்றி, நுரை பொங்க வைத்து இறக்குவார்கள். பிடியில்லாத சின்னக் கிண்ணம், சீனிக்கட்டி, ஒரு துண்டு இனிப்பு எல்லாம் தட்டத்தில் வரும். சீனியைக் கோப்பியில் தோய்த்துக் கடித்துக்கொண்டு மெதுவாக உறிஞ்ச வேண்டும். அவசரமாகக் குடித்தால் வாயெல்லாம் மண்டிதான்! கதைத்துக்கொண்டு குடிக்கும் கோப்பிக்கு அங்கே தனிப் பெயரே உண்டு: ரஸ்கொவொருஷா.

இந்த அழகான வீதியின் நிலத்தில் சிவப்புத் தழும்புகள் இருக்கின்றன. 1992 ஏப்ரல் முதல் 1996 பெப்ரவரி வரை, 1425 நாட்கள் இந்த நகரம் முற்றுகைக்குள் இருந்தது. மலைகளில் இருந்து ஷெல் அடித்தார்கள். 1992 மே 27 அன்று இதே பெர்ஹாதியா வீதியில் பாணுக்காக வரிசையில் நின்றவர்கள் மீது ஷெல் விழுந்து 20 இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உயிர்களைப் பறித்த ஷெல்கள் நிலத்தில் விட்ட வடுக்களைச் சிவப்புப் பசையால் நிரப்பி, அவற்றைச் 'சரஜெவோ ரோஜா' என்று அழைக்கிறார்கள்.

நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் எழுபது வயது தாண்டிய ஒரு முஸ்லிம் பெண்மணி. அவரைத் 'தெத்தா' என்று கூப்பிடுவேன். நம்மவர் 'மாமி' என்பதுபோல. அவருடைய கணவர் முற்றுகைக் காலத்தில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டவர். வியாழக்கிழமைகளில் தெத்தா தன் இரண்டு தோழிகளுடன் மொரிச்சா ஹானில் கோப்பி குடிப்பார். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் சேர்பியர். சில நாட்களில் என்னையும் கூட்டிச் செல்வார். அவருடைய மகள் மொழிபெயர்த்துச் சொல்வார்.

"முற்றுகைக் காலத்தில் கோப்பிக்கொட்டை ஏது? பருப்பையும் அரிசியையும் வறுத்து இடித்துக் கோப்பி என்று குடித்தோம்" என்றார் தெத்தா. மல்லிக் கோப்பி குடித்துப் பொருளாதாரத் தடைக் காலத்தைக் கடந்த நமக்கு அது நன்றாக விளங்கும்.

அந்தச் சேர்பியத் தோழியைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"போர் முடிந்தபின் அவளைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்தால் போய்விடுவேன். ஷெல் அடித்தவர்கள் அவளுடைய ஆட்கள். அவளும் என்னோடு ஒரே நிலவறையில்தான் ஒளிந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மனம் கேட்கவில்லை. பிறகு என் கணவரின் நினைவு நாளில் ஒரு பைக்கற் கோப்பித்தூளோடு வாசலில் வந்து நின்றாள். வாசலுக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பலாமா? இப்போதும் சில விஷயங்களை நாங்கள் கதைப்பதில்லை. ஆனால் வியாழன்தோறும் வருகிறோம்."

1995 ஜூலையில் அந்நாட்டின் ஸ்ரெப்ரெனிட்சாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். கணவரோடு இருந்து கோப்பி குடிக்க முடியவில்லையே என்பதுதான் அங்குள்ள பெண்களின் பெரிய ஏக்கம். அதை அறிந்த ஆய்டா ஷெஹொவிச் என்ற கலைஞர், 2006 இல் சரஜெவோவில், இறந்தவர்களுக்காகக் கிண்ணங்களில் கோப்பி ஊற்றிக் குடிக்காமல் வைக்கும் நினைவுகூரலைத் தொடங்கினார். அதன் பெயருக்கு 'நீ ஏன் இங்கு இல்லை' என்று பொருள். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு நகரில் நடந்து, 2020 இல் ஸ்ரெப்ரெனிட்சாவில் 8372 கிண்ணங்களுடன் அது நிறைவுற்றது.

சகோதரிகளே, இல்லாதவர்களுக்காக ஊற்றிய கோப்பி ஆறிப்போகும். இருப்பவர்களுக்கு ஊற்றுவதையாவது சூட்டோடு கொடுக்கலாம். தேநீர் போடும்போது அடுத்த வீட்டுச் சகோதரியையும் கூப்பிடுங்கள். அவர் எந்த ஊராக, எந்தச் சமயமாக இருந்தாலும் சரி. எல்லாவற்றையும் கதைக்க வேண்டியதில்லை, கொஞ்ச நேரம் கூட இருந்தாலே போதும்.