செத்த செல்கள் சொன்ன சேதி

பாரிஸின் 15-வது வட்டாரத்தில் ஒரு தெரு. பெயர் டாக்டர் ரூ. லூயி பாஸ்டரின் சீடர் அவர். தெருவின் இருபுறமும் பாஸ்டர் ஆய்வு நிலையம். 1888-ல் திறக்கப்பட்ட பழைய கட்டடத்தின் நிலவறையில், மொசைக் வேலைப்பாடுகளுக்கு நடுவே பாஸ்டரின் கல்லறை. வளாகத்தில் ஒரு சிலை: வெறிநாயோடு மல்லுக்கட்டும், ஆடு மேய்க்கும் சிறுவன். 1885-ல் பாஸ்டரின் தடுப்பூசி காப்பாற்றிய பையன்.

வெறிநாய்க்கடி வைரஸை பாஸ்டர் கண்ணால் கண்டதில்லை. முயல்களின் உடலில்தான் அதை வளர்த்தார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, இன்னொரு முகம் தெரியாத கிருமி இங்கு வந்தது. 1983 ஜனவரியில், எய்ட்ஸின் ஆரம்ப அறிகுறிகள் தென்பட்ட ஒரு நோயாளியின் நெறிக்கட்டியிலிருந்து வெட்டியெடுத்த துணுக்கில்.

லுக் மோன்தானியே அந்தத் துணுக்கின் செல்களைக் குடுவையில் வளர்த்தார். பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் ழான்-க்ளோட் ஷெர்மனும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற என்ஸைமைத் தேடினார்கள். ரெட்ரோவைரஸ் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்ற உதவும் என்ஸைம் அது. இரண்டு வாரங்களில் அது தலைகாட்டியது. சந்தோஷம் நீடிக்கவில்லை. செல்கள் மடிந்தன, என்ஸைம் அளவும் சரிந்தது. அதுவரை அறியப்பட்டிருந்த மனித ரெட்ரோவைரஸ் செல்களைப் பெருகச் செய்யும். இதுவோ கொன்றது.

செல்கள் எல்லாம் செத்தால் வைரஸும் கைநழுவிவிடும். ரத்த தானம் செய்த ஒருவரின் ஆரோக்கியமான வெள்ளணுக்களைக் குடுவையில் சேர்த்தார்கள். என்ஸைம் மீண்டும் ஏறியது. புதிய செல்களும் செத்தன. கிடைத்தது தடயம். பிப்ரவரியில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைரஸ் முகம் காட்டியது. மே 20 அன்று 'சயின்ஸ்' இதழ் கட்டுரையை வெளியிட்டது. பாரே-சினூசிக்கும் மோன்தானியேவுக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் இந்தச் செல்கள் மட்டும்? 1984-ல் பாரிஸிலும் லண்டனிலும் விடை கிடைத்தது. நோய் எதிர்ப்பை முன்னின்று நடத்தும் டி செல்களின் மேற்பரப்பில் உள்ள சி.டி.4 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஹெச்.ஐ.வி. உள்ளே நுழைகிறது. 1996-ல் இன்னொன்றும் தெரிந்தது: சி.டி.4 மட்டும் போதாது, கூடவே இரண்டாவது புரதம் ஒன்றும் வேண்டும்.

குடுவையில் தேடிய என்ஸைமே மருந்துக்கும் இலக்கானது. 1987-ல் அனுமதி பெற்ற ஏ.இஸட்.டி. அதைத்தான் முடக்கியது. இன்று கூட்டு மருந்துகளைத் தவறாமல் சாப்பிடுவோர் நெடுங்காலம் வாழ்கிறார்கள்.

சிலையில் நிற்கும் சிறுவனுக்குக் கிடைத்தது போன்ற தடுப்பூசி மட்டும் எய்ட்ஸுக்கு இன்னும் வரவில்லை. தடுப்பூசி எந்தச் செல்களைத் தட்டியெழுப்ப வேண்டுமோ, அவற்றிலேயே இந்த வைரஸ் குடியேறிவிடுகிறது.