எந்த சுவிட்ச், எப்போது விழுந்தது?

கேரவன் வாசலில் நின்றபடியே அவர் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுகிறார். எந்த சுவிட்ச் விழுந்தது? ஹீட்டரைப் போட்டதுமா, கொஞ்ச நேரம் கழித்தா? பதில் வரும்வரை கருவிப்பெட்டியைத் திறப்பதில்லை.

இங்கிலாந்தின் கிழக்கு யார்க்‌ஷயர் கடற்கரையில், பிரிட்லிங்டனைச் சுற்றியுள்ள முகாம்களில் கேரவன் பழுது பார்ப்பவர் அவர். தனியாகப் பட்டறை கிடையாது, வேன்தான் எல்லாம். குளிர்காலம் முழுக்க வீட்டு வாசலில் முடங்கிக் கிடந்த வண்டிகளை ஈஸ்டர் விடுமுறைக்குக் காரின் பின்னால் மாட்டி இழுத்து வருகிறார்கள். வந்த அன்றே வெந்நீர் வரவில்லை என்று தெரிகிறது. அப்படியொரு வாரத்தில்தான் அவருடன் சுற்றினேன்.

கேரவனின் வெந்நீர்க் கலன் சின்னது. பரவலாகக் காணப்படும் ட்ரூமா அல்ட்ராஸ்டோர் பத்து லிட்டர் பிடிக்கும். மின்சாரத்தில் 850 வாட்தான் இழுக்கும். முகாமின் மின்கம்பம் தரும் அளவுக்குள் எல்லாம் அடங்க வேண்டுமே. 16 ஆம்பியர் கம்பம் என்றால் 3,680 வாட். அறை சூடேற்றி 2,000, வெந்நீர் 850, அதற்கு மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த 3,000 வாட் கெட்டிலையும் போட்டால் கம்பத்திலேயே டிரிப் ஆகிவிடும். அப்போது பழி மட்டும் ஹீட்டர் மேல் விழும். எனவே கம்பத்தில் விழுந்ததா, வண்டிக்குள் விழுந்ததா, உள்ளே என்றால் ஓவர்லோடு பிரேக்கரா, 30 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிடியா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆர்சிடி என்றால் எங்கோ எர்த் லீக்.

நேரத்தை ஏன் கேட்கிறார் என்பது ஒரு முதிய தம்பதியின் வண்டியில் விளங்கியது. ஹீட்டரைப் போட்டுப் பத்து நிமிடம் போல ஓடுகிறது, பிறகு ஆர்சிடி விழுகிறது. கலனில் தண்ணீரைச் சூடாக்கும் காயிலுக்குள் இருக்கும் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் வெளி உறைக்குத் தாவாமல் காப்பது அதுதான். அந்தப் பொடி ஈரத்தை உறிஞ்சும். குளிர்காலத்தில் ஈரம் ஏறிய காயில் போட்டதுமே விழவைக்கும். சூடு ஏற ஏற விரியும் விரிசல் சற்றுத் தாமதித்து விழவைக்கும். இது அவருடைய அனுபவக் கணக்கு. ஆனால் கணக்கை நம்பி அவர் காயிலை மாற்றுவதில்லை. மின்காப்பை அளக்கும் மெக்கர் வைத்து 500 வோல்ட் கொடுத்தார். காயிலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு மெகாஓம்கூடத் தேறவில்லை. அதன் பிறகுதான் புதுக் காயிலுக்கு ஆர்டர் போட்டார்.

அடுத்த வண்டியில் எதுவுமே டிரிப் ஆகவில்லை. சுவிட்சில் விளக்கு எரிகிறது. தண்ணீர் மட்டும் பச்சைத் தண்ணீர். முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று இடறாமல் தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்தார். கலன் காலியாக இருக்கும்போது சூடேற்றினால் அதிக வெப்பத் துண்டிப்பான் வேலையை நிறுத்திவிடும். இங்கே கலன் நிறைந்தே இருந்தது. கம்பத்திலிருந்து நீல நிற பிளக்கை உருவிக்கொண்டு வந்து, தன் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். "நான் கைவைக்கும் நேரம் முழுக்க இது என் கண்ணில் படணும்" என்றார். அடுத்தவர் உதவி செய்கிறேன் என்று மாட்டிவிட்டால் உயிர் போய்விடும்.

மல்டிமீட்டரில் காயில் 62 ஓம் காட்டியது. 230 வோல்ட்டில் 850 வாட் தரும் காயிலுக்கு அதுதான் சரியான அளவு. மெக்கரும் குறை சொல்லவில்லை. பலரும் இங்கேதான் ஹீட்டரையே மாற்றிவிடலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். இருக்கைக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்து, ஒயர் இணைப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினார் அவர். நியூட்ரல் திருகின் அருகே வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். கருகிய மீன் போல ஒரு வாடை. வண்டி சாலையில் அதிர அதிரத் திருகு தளர்ந்திருக்கிறது. தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டில் கருகல், கடைசியில் தொடர்பே அற்றுவிட்டது. சுவிட்ச் வரை மின்சாரம் வந்துகொண்டிருந்ததால் விளக்கு மட்டும் எரிந்திருக்கிறது. கருகிய ஒயரைச் செம்பு பளிச்சிடும் இடம்வரை வெட்டி, புது இணைப்பான் போட்டு முடுக்கி, ஒவ்வொரு ஒயரையும் விரலால் இழுத்துப் பார்த்தார்.

அளந்து பார்க்காமல் பாகம் மாற்றுபவரை நான் தொழிலாளி என்று சொல்லமாட்டேன். இந்த மனிதர் அந்த இணைப்பைத் தேடிச் செலவிட்ட நேரத்தில் ஒரு புது ஹீட்டரையே பொருத்தியிருக்கலாம். அதில் அவருக்குக் காசும் கூடுதல். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

அந்த இரண்டாவது வண்டிக்காரக் குடும்பம் அடுத்து பிரான்ஸ் போகிறதாம். புறப்படும்முன் அவர்களை உட்காரவைத்துப் பேசினார். அங்கே பல முகாம்களில் 6 ஆம்பியர்தான் கிடைக்கும், அதாவது 1,380 வாட். ஹீட்டர் ஓடும்போது கெட்டிலைத் தொடாதீர்கள். சில இடங்களில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும். அப்போது ஒற்றைக் கம்பியை மட்டும் துண்டிக்கும் சுவிட்சை அணைத்தாலும் காயிலில் மின்சாரம் நிற்கும். வண்டிக்குள் சாக்கெட்டில் சோதனை பிளக்கைச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் போட வேண்டும். குறித்துக்கொள்ளச் சொன்னார், அந்த அம்மா எழுதிக்கொண்டார்.