சின்ன எஸ்ஸா, பெரிய எஸ்ஸா?

முன்பெல்லாம் திருப்பூரில் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் தண்ணீர்ச் சொம்பு வரும். இப்போது சொம்பு வருவதற்குள் விருந்தாளி முந்திக்கொள்கிறார்: "வைஃபை பாஸ்வேர்டு என்னங்க?"

ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த பனியன் கம்பெனி ஆபீஸில் புது லேப்டாப் வாங்கினார்கள். பையருக்கு பேக்கிங் லிஸ்ட் உடனே போயாக வேண்டும். மேனேஜர் சொல்லச் சொல்ல, அக்கவுண்டன்ட் தட்டினார். 'பாஸ்வேர்டு தவறு' என்றது. மறுபடியும் அதே.

"ஏனுங்ண்ணா, எஸ் பெருசுங்களா, சின்னதுங்களா?"

"வாயில சொன்னா ரெண்டும் ஒண்ணுதான தம்பி!"

சின்ன எஸ் போட்டதும் கதவு திறந்தது. மெயில் போனது. மேனேஜருக்குக் கோபம் போகவில்லை. "எந்த எழுத்து தப்புன்னு சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

சொல்ல முடியாது, அண்ணா. ஏனென்றால் பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. டபிள்யூ.பி.ஏ.2 முறையில் லேப்டாப்பும் ரவுட்டரும் பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து, தனித்தனியே 4,096 சுற்று கடைகின்றன. அதில் வரும் சாவியோடு, அப்போதைக்கு எடுத்த இரண்டு எண்களைக் கலந்து, விடையை மட்டும் ஒப்பிடுகின்றன. ஓர் எழுத்து மாறினாலும் விடை அடியோடு வேறு. சாயத்தில் முக்கியெடுத்த துணியைப் பார்த்து, எந்தச் சொட்டு கூடிப்போனது என்று சொல்ல முடியுமா?

இத்தனை பந்தோபஸ்து எதற்கு? 2008 ஜூலை 26, ஆமதாபாத் தொடர் குண்டுவெடிப்பு. அதற்குச் சற்று முன்பு டி.வி. சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில். தடம் பிடித்துப் போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். மெயில் யாருடையதாக இருந்தாலும், முதலில் தட்டப்படுவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கதவுதான்.

பூட்டினால் மட்டும் போதாது. குறைந்தது எட்டு எழுத்து வேண்டும் என்றதும் ஊரே 12345678 என்று வைத்துக்கொள்கிறது. திருடன் உங்கள் லேப்டாப்பும் ரவுட்டரும் கைகுலுக்குவதைப் பதிவு செய்துகொண்டு, வீட்டில் உட்கார்ந்து சாவகாசமாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது.

சுலபமான வழி: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து வார்த்தைகள். கத்தரி, தேங்காய், பஸ், தலையணை மாதிரி. இங்கிலீஷ் எழுத்தில், எல்லாமே சின்ன எழுத்தாக, இடைவெளி விடாமல். வாயால் சொன்னாலும் குழப்பம் வராது.

குழந்தையின் பெயரும் பிறந்த நாளும் மட்டும் வேண்டாம். அது பர்த்டே கேக் மேலேயே எழுதியிருக்கிறது.