ஏற்றுவது இன்ஜின்... இறக்குவது பிரேக்! - பைக்ஸ் சிகரத்தில் பழைய கார்களுக்கு ஒரு பாடம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்கு மேற்கே நிமிர்ந்து நிற்கிறது பைக்ஸ் பீக். உயரம் 14,115 அடி. 1806-ல் இதன் உச்சியைத் தொட முயன்று, பனியில் முடியாமல் திரும்பிய ஜெபுலன் பைக் என்ற ராணுவ அதிகாரியின் பெயர்தான் மலைக்கு நிலைத்துவிட்டது. இன்றைக்கு அந்தச் சிரமம் இல்லை. அடிவாரத்தில் இருக்கும் கேஸ்கேட் என்ற சிற்றூரில் திரும்பி, கட்டணம் கட்டினால், காரிலேயே உச்சி வரை போய்விடலாம். சுமார் 30 கி.மீ. தூரச் சாலை. கோடை மாதங்களில் கூட்டம் அதிகம் என்பதால் முன்பதிவு செய்துவிட்டு வரவேண்டும்.

1910-களில் ஸ்பென்சர் பென்ரோஸ் என்ற செல்வந்தர் போட்டுக்கொடுத்த மோட்டார் பாதை இது. பாதை பிரபலமாக வேண்டும் என்று 1916-ல் ஒரு கார் பந்தயத்தையும் அவரே தொடங்கிவைத்தார். 156 வளைவுகள், 20 கி.மீ. தூரம். உலகப் போர்க் காலங்கள் போன்ற சில இடைவெளிகளைத் தவிர அந்தப் பந்தயம் இன்றும் நடக்கிறது. ஆனால் ஒன்று... பந்தயம் உச்சியோடு முடிந்துவிடும். இறங்குவதற்குக் கோப்பை கிடையாது. இந்த மலையில் வண்டிக்கு உண்மையான சோதனை இருப்பதோ இறங்கும்போதுதான்.

கேஸ்கேட் ஊரின் உயரம் சுமார் 7,400 அடி. அதாவது உச்சியிலிருந்து கிட்டத்தட்ட 2 கி.மீ. செங்குத்து உயரத்தைக் கார் இறங்கி முடிக்கவேண்டும். ஒன்றரை டன் எடையுள்ள ஒரு கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தியை அப்படியே வெப்பமாக மாற்றினால், 90 லிட்டர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோய்விடலாம். அதில் ஒரு பங்கை இன்ஜினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் தலையில்தான் விழும்.

புதிய கார்களுக்கு இதைச் சமாளிக்கக் கம்ப்யூட்டர் இருக்கிறது. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் என்று நொடிக்குப் பலமுறை கணக்குப் போட்டு அதுவே பிரித்துக் கொடுக்கும். ஆனால் இந்தச் சாலையில் 1950, 60-களின் கார்களும் ஆசையாக ஏறுகின்றன. குரோமியம் மின்னும் பம்பர், நீண்ட மூக்கு, வி-8 இன்ஜின் உறுமல்... அமெரிக்கர்களுக்குப் பழைய கார் என்றால் குடும்பச் சொத்து மாதிரி. அந்தக் கார்களில் கம்ப்யூட்டர் செய்யவேண்டிய வேலையை உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உலோகக் கட்டை செய்கிறது. பெரும்பாலும் பித்தளை. காம்பினேஷன் வால்வு என்று பெயர்.

டிரம் போய் டிஸ்க் வந்த கதை

1964 ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளலாம். முதல் சில ஆண்டுகளில் விற்ற மஸ்டாங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் முன்பக்கம் டிஸ்க் கிடைத்தது.

டிரம் என்பது மூடிய பாத்திரம். உள்ளே இருக்கும் பிரேக் ஷூ விரிந்து, சுழலும் டிரம்மின் உள்சுவரில் உரசும். சூடு வெளியே போக வழி குறைவு. அதிகம் சூடானால் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும். பெடலை மேலும் மேலும் ஆழமாக மிதிக்கவேண்டி வரும். உரசும் பரப்பும் பிடிப்பை இழக்கும். டிஸ்க் அப்படியல்ல. காற்றுபட வெளியே சுழலும் தட்டு அது. இரண்டு பக்கமும் பேட்கள் கவ்விப் பிடிக்கும். சீக்கிரம் ஆறிவிடும். அதனால்தான் பழைய கார் வைத்திருப்பவர்கள் முதலில் செய்துகொள்ளும் மாற்றம், முன்பக்க டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடுவது.

டிஸ்க் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்று நினைத்தால் அங்கேதான் சிக்கல். 1966 வரை வந்த மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறைதான். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியில் போகும். எங்காவது ஒரு குழாய் உடைந்தால் நான்கும் போச்சு! 1967 மாடல்களில்தான் முன்சக்கரங்களுக்கு ஓர் அறை, பின்சக்கரங்களுக்கு ஓர் அறை என்று அமெரிக்கக் கார்களில் இரட்டை ஏற்பாடு பரவலானது. ஆகவே டிஸ்க் போடும்போதே இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்கும் மாறிவிடுவது நல்லது.

டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுவைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் குழாயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தைத் தக்கவைக்கும் சிறு வால்வு பல மாஸ்டர் சிலிண்டர்களில் இருக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கோ தொல்லை. பேட்கள் தட்டை விடாமல் உரசிக்கொண்டே வரும். அப்படிப்பட்ட கார் உச்சிக்கு வந்துசேரும்போதே பிரேக் சூடாகியிருக்கும். இறங்கும் பயணம் அதன் பிறகுதான் தொடங்கும்!

ஒரு கட்டைக்குள் மூன்று வேலை

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இரண்டும் இரண்டு குணம். ஒரே மிதிக்கு இரண்டும் ஒரே மாதிரி பதில் சொல்லாது. அவற்றை ஒத்துப்போகச் செய்வதற்காக 1970-களின் அமெரிக்கக் கார்களில் பரவலாக வந்ததுதான் காம்பினேஷன் வால்வு. பெயருக்கு ஏற்றபடி மூன்று வால்வுகளின் கூட்டுக் குடும்பம் அது.

முதல் வேலை, முன்சக்கரத்தைக் கொஞ்சம் காக்கவைப்பது. டிரம்முக்குள் ஷூக்களை ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். அந்த ஸ்பிரிங்கை வென்ற பிறகே ஷூ டிரம்மைத் தொடும். டிஸ்க்கில் அப்படிப் பலமான ஸ்பிரிங் கிடையாது. பேட் தட்டை ஒட்டியே நிற்கும். லேசாக மிதித்தாலே முன்பக்கம் முந்திக்கொண்டு பிடித்துவிடும், பின்பக்கம் சும்மா இருக்கும். பைக்ஸ் சிகரத்தில் கோடையிலும் திடீரென்று பனி விழுவது உண்டு. ஈரமான வளைவில் முன்சக்கரம் மட்டும் பிடித்து வழுக்கினால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயன் இல்லை. அதனால் மீட்டரிங் வால்வு முன்பக்க ஆயிலைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்துகிறது. அழுத்தம் ஏறக்குறைய 100 பவுண்டை எட்டும்போது வழிவிடுகிறது. கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல மூன்று மடங்கு அழுத்தம் அது. அதற்குள் பின்பக்க ஷூக்கள் டிரம்மைத் தொட்டிருக்கும். நான்கு சக்கரமும் சேர்ந்து வேலையில் இறங்கும்.

இரண்டாவது வேலை, பின்சக்கரத்தை அடக்கிவைப்பது. பஸ் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லாம் முன்னால் சாய்வார்கள். காரின் எடையும் அப்படித்தான் முன்னே சாயும். இறக்கத்தில் கார் ஏற்கெனவே மூக்கைக் கவிழ்த்துக்கொண்டுதான் போகிறது. பின்சக்கரங்களின் மேல் பாரம் இன்னும் குறைவு. அந்த நேரத்தில் பின்பிரேக்குக்கும் முழு அழுத்தம் போனால் சக்கரம் சுழலாமல் இறுகி வழுக்கும். பின்பக்கம் விலகி, கார் பம்பரமாகச் சுற்றிவிடும். இதைத் தடுப்பது புரப்போர்ஷனிங் வால்வு. ஓர் அளவு வரை முன்னும் பின்னும் அழுத்தம் சமமாக ஏறும். அந்த அளவைத் தாண்டிய பிறகு, முன்பக்கம் ஏறுவதில் ஒரு பகுதி மட்டுமே பின்பக்கத்துக்குப் போகும். பின்பிரேக்கை இது நிறுத்துவதில்லை. வேகமாக ஏறவிடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது வேலை, ஆபத்தைச் சொல்வது. முன்பக்க ஆயிலுக்கும் பின்பக்க ஆயிலுக்கும் நடுவே ஒரு சிறு பிஸ்டன். இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருக்கும்வரை நடுவிலேயே இருக்கும். ஒரு பக்கம் கசிந்து அழுத்தம் விழுந்தால், பலமான பக்கம் தள்ள, பிஸ்டன் நகர்ந்து ஒரு சுவிட்சைத் தொடும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். மீதி இரண்டு சக்கரங்களின் பிரேக் இருக்கும், ஆனால் நிற்க அதிக தூரம் தேவைப்படும் என்பதுதான் அந்த விளக்குக்கு அர்த்தம். முன்பக்கம் பழுதானால் பின்பக்கத்துக்கு முழு அழுத்தமும் போகட்டும் என்று புரப்போர்ஷனிங் வேலையை விலக்கிவிடும் வசதியும் பல வால்வுகளில் உண்டு.

பலர் டிஸ்க்குக்கும் பெயின்ட்டுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, இந்தச் சிவப்பு விளக்குக்கு ஒயர் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். மூன்றில் ஒரு வேலையை வீணாக்குவது அது.

உச்சியில் மெலிந்த காற்று

சிகரத்தில் 2021-ல் திறந்த புதிய பார்வையாளர் மையம் இருக்கிறது. இங்கே சுடச்சுடக் கிடைக்கும் டோநட் பிரசித்தம். இந்த உயரத்துக்கென்றே மாவுப் பக்குவத்தை மாற்றியிருக்கிறார்கள். 1893-ல் இங்கே வந்த கேத்தரின் லீ பேட்ஸ் என்ற ஆசிரியை கண்ட காட்சிதான், அமெரிக்கர்கள் இன்றும் பாடும் 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' பாடலுக்குத் தூண்டுதலானது.

இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவிகிதம்தான். வேகமாக நாலு அடி வைத்தாலே மூச்சு வாங்கும். காருக்கும் அதே கதை. பிரேக் பெடலுக்குக் கைகொடுக்கும் வேக்வம் பூஸ்டர், வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் தள்ளுகிறது. வெளிக்காற்றே மெலிந்தால் அதன் பலமும் குறையும். சமவெளியில் வெண்ணெயாக இருந்த பெடல் இங்கே கொஞ்சம் கெட்டியாகத் தெரியும். இறங்குவதற்கு முன் நின்ற இடத்திலேயே இரண்டு முறை மிதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

சக்கரத்துக்குக் காய்ச்சல் பார்க்கும் இடம்

இறக்கத்தில் முதலில் வருவது டெவில்ஸ் பிளேகிரவுண்ட். மின்னல் பாறைக்குப் பாறை தாவி விளையாடுமாம், அதனால் இந்தப் பெயர். அதற்கும் கீழே, சுமார் 11,400 அடி உயரத்தில், மரங்கள் மீண்டும் தலைகாட்டும் இடம் க்ளென் கோவ். இறங்கும் கார்களை இங்கே நிறுத்துகிறார்கள். ஊழியர் ஒரு கருவியைச் சக்கரத்தை நோக்கிப் பிடிக்கிறார். தொடாமலே பிரேக்கின் சூட்டைச் சொல்லும் வெப்பமானி. அளவுக்கு மீறிச் சூடாக இருந்தால், ஓரம்கட்டி ஆறும்வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

காரணம், பிரேக் ஆயில். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் குமிழிகள். குமிழி நசுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது.

இங்கேதான் அந்தப் பித்தளைக் கட்டையின் எல்லையும் புரிகிறது. இருக்கும் அழுத்தத்தை அது பங்கு போட்டுக் கொடுக்கும். சூட்டை அதனால் குறைக்க முடியாது. கொதித்துப்போன ஆயிலை வைத்துக்கொண்டு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. சூட்டைக் குறைக்கும் வழி கியர்தான். தாழ்ந்த கியரில் போட்டு, இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விடவேண்டும். வேகம் கூடும்போது அழுத்தமாக ஒருமுறை பிரேக் போட்டுக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிடவேண்டும். பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் எந்த வால்வும் காப்பாற்றாது.

மலைக்கு வருமுன்...

கடையில் கிடைக்கும் காம்பினேஷன் வால்வின் அளவுகள் தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்டவை. எல்லாக் காருக்கும் அது அச்சாகப் பொருந்திவிடாது. முன்னால் கனமான இன்ஜின், பின்னால் வேறு அளவு டயர் என்று மாற்றம் செய்த கார்களுக்குக் கணக்கு மாறும். அப்போது பின்பக்க அழுத்தத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் தனி வால்வைப் போடுகிறார்கள். ஆனால் காம்பினேஷன் வால்வையும் வைத்துக்கொண்டு இதையும் அதே குழாயில் சேர்த்தால் பின்பக்கத்துக்கு இரண்டு முறை வெட்டு விழும். பின்பிரேக் பெயருக்குத்தான் இருக்கும். மொத்தப் பாரமும் முன் டிஸ்க்குகளுக்கே போகும்.

குழாயிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலையிலும் இந்த வால்வுக்குத் தனிக் கவனம் வேண்டும். கருவி மூலம் அழுத்தம் கொடுத்துக் காற்றெடுக்கும்போது மீட்டரிங் வால்வைத் திறந்த நிலையில் பிடித்துவைக்க வேண்டியிருக்கும். எச்சரிக்கைப் பிஸ்டன் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால், மீண்டும் நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். இல்லாவிட்டால் பழுதே இல்லாமல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

எல்லாம் முடிந்ததும், ஆள் நடமாட்டம் இல்லாத காலி மைதானத்தில் குறைந்த வேகத்தில் பிரேக் போட்டுப் பார்க்கலாம். வெளியே ஒருவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று எந்தச் சக்கரம் முதலில் இறுகுகிறது என்று கவனிக்கவேண்டும். முன்சக்கரம் சற்று முந்தினால் சரி. பின்சக்கரம் முந்தினால் அந்தக் கார் மலைக்கு இன்னும் தயாராகவில்லை.

க்ளென் கோவ் தாண்டினால் சாலை மரங்களுக்குள் நுழைகிறது. கிரிஸ்டல் கிரீக் நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று திரும்பிப் பார்த்தால், இறங்கிவந்த சிகரம் முழுசாகத் தெரியும். கேமராக்கள் எல்லாம் மலையை நோக்கி இருக்கும். பானெட்டுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத பித்தளைக் கட்டை மட்டும் அடிவாரம் வரும்வரை தன் பங்கீட்டைச் செய்துகொண்டே இருக்கும்.